கவிழாத மரவள்ளம்: வீட்டில் நாமே செய்யும் தட்டையடி மீன்பிடிப் படகு

அமெரிக்காவின் லூசியானா சதுப்பு நிலங்களில் மீன் பிடிப்பவர்கள் ‘பிரோக்’ என்று ஒரு சிறு வள்ளத்தைப் பயன்படுத்துகிறார்கள். தொடக்கத்தில் சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்யப்பட்ட இந்த வள்ளம், பின்னர் பலகையாலும் ஒட்டுப்பலகையாலும் செய்யப்படலாயிற்று. அடி தட்டையாகவும் இரு முனைகளும் கூராகவும் இருப்பதால், முழங்கால் அளவுக்குக் குறைந்த நீரிலும் அது ஓசையின்றி நகரும். கொழும்பைச் சுற்றியுள்ள பொல்கொட ஏரிக்கும் நீர்கொழும்புக் களப்பின் ஓரங்களுக்கும் இதே அமைப்பு நன்றாகப் பொருந்தும். ஆனால் முகத்துவாரத்திலிருந்தோ காலிமுகத்திடலுக்கு எதிரேயிருந்தோ கடலில் இறங்குவதற்கு இந்த வள்ளம் உரியதன்று. கடலலைக்கு நம் மீனவர்கள் ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய வள்ளத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. அதைக் கீழே பார்ப்போம்.

வீட்டில் வள்ளம் செய்ய முனைவோரில் பலர் பலகையின் தடிப்பைக் கூட்டினால் வள்ளம் உறுதியாக நிற்கும் என்று எண்ணுகிறார்கள். வள்ளம் ஆடுவதும் ஆடாமல் நிற்பதும் பலகையின் தடிப்பைப் பொறுத்தவை அல்ல. அடிப்பலகையின் அகலத்தையும், அதில் அமர்பவரின் உடற்பாரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையும் பொறுத்தவை. ஆகவே வாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே, தாளில் அளவு குறிக்கும்போதே, இந்த வள்ளம் கவிழுமா கவிழாதா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அகலமும் உயரமும்

ஒரு பக்கமாகச் சாயும் வள்ளத்தை மீண்டும் நிமிர்த்தும் ஆற்றல், நீர்மட்டத்தில் அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அடிப்பலகை 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள வள்ளத்தையும் 76 சென்ரிமீற்றர் அகலமுள்ள வள்ளத்தையும் ஒப்பிட்டால், அகலத்தில் வேறுபாடு ஒரு சாண் கூட இல்லை. ஆனால் நிமிரும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. இணையத்தில் கிடைக்கும் பழைய வரைபடங்கள் பலவற்றில் அடி 60 சென்ரிமீற்றரை ஒட்டியே இருக்கும். அவை ஒருவர் தனியாக, வேகமாகத் துடுப்புப் போட்டுச் செல்வதற்கானவை. தூண்டிலை வீசி, மீனை இழுத்து, பக்கவாட்டில் குனிந்து எடுக்க வேண்டிய நமக்கு 76 சென்ரிமீற்றரே குறைந்த அளவு எனக் கொள்ளலாம்.

பக்கப்பலகைகள் நேராக நிற்காமல் வெளிப்புறம் 15 பாகை சாய்ந்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் வள்ளம் சாயும்போது, சாயும் பக்கத்தில் நீருக்குள் இறங்கும் பகுதி மேலும் அகலமாகி, சாய்வைத் தடுக்கிறது. முற்றிலும் நேரான பக்கங்களைக் கொண்ட வள்ளம் தொடக்கத்தில் அசையாமல் நிற்பது போலத் தோன்றும்; ஒரு கட்டத்தைத் தாண்டியதும் முன்னறிவிப்பின்றிக் கவிழும்.

இருக்கை உள்தளத்திலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது. நாற்காலி உயரத்தில் பலகை அடித்து வசதியாக அமர நினைத்தால், அகலத்தைக் கூட்டிப் பெற்ற பயனில் பெரும்பகுதியை அந்த இருக்கையே தின்றுவிடும். முழங்கால் மடக்கி உட்கார முடியாதவர்கள் தடித்த நுரைத்தகடு ஒன்றை விரித்து, முதுகுக்குச் சாய்மானம் வைத்துக்கொள்வது நல்லது.

நாம் செய்யப்போகும் வள்ளத்தின் மொத்த நீளம் சுமார் 4.4 மீற்றர், அடிப்பலகையின் நீளம் சுமார் 4.1 மீற்றர், அடியின் கூடிய அகலம் 76 சென்ரிமீற்றர், மேல் விளிம்பில் அகலம் ஏறத்தாழ 92 சென்ரிமீற்றர், பக்கப்பலகையின் அகலம் 30 சென்ரிமீற்றர். இந்த அளவில் 20 கிலோ பாரத்துக்கு வள்ளம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தாழும். வள்ளம் 40 கிலோ, இருவர் 130 கிலோ, சாமான் 20 கிலோ என்று வைத்தால், நடுவில் 10 முதல் 11 சென்ரிமீற்றர் வரை நீருக்குள் இறங்கி, 18 சென்ரிமீற்றர் விளிம்பு மேலே நிற்கும். மூன்றாவது ஆளை ஏற்றுவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

தொடர்மாடியில் குடியிருப்பவர்கள் வேலையைத் தொடங்குமுன் படிக்கட்டின் திருப்பத்தையும் வாசலின் அகலத்தையும் அளந்துகொள்வது அவசியம். 4.4 மீற்றர் நீளமான ஒன்றை மூன்றாம் மாடியில் செய்து முடித்தபின் அளப்பதில் பயனில்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வாகனம் நிற்கும் அளவுக்கு முற்றமோ கொட்டகையோ உள்ள உறவினர் வீடு இருந்தால், அதுவே சரியான பட்டறை.

பலகையும் பசையும்

எட்டுக்கு நாலடி அளவுள்ள 6 மில்லிமீற்றர் கடற்தர ஒட்டுப்பலகை மூன்று தேவைப்படும். முதற்பலகையை நீளவாக்கில் 30 சென்ரிமீற்றர் அகலமான நான்கு பட்டைகளாக அறுத்தால் இரு பக்கங்களுக்கும் போதும். மற்ற இரண்டிலிருந்தும் 76 சென்ரிமீற்றரைவிடச் சற்றுக் கூடிய அகலத்துக்கு அடிப்பலகையை எடுத்தபின் மிஞ்சும் துண்டுகள் தடுப்புகளுக்கும் முனை மூடிகளுக்கும் இருக்கைக்கும் உதவும்.

‘மரீன் பிளைவுட்’ என்று கடைக்காரர் சொல்லும் எல்லாமே அந்தத் தரத்தில் இருப்பதில்லை. பிரித்தானியத் தரமான பி.எஸ். 1088 என்ற முத்திரை இருந்தால் நல்லது. இருந்தாலும் சோதித்துப் பார்ப்பது அதனினும் நல்லது. உள்ளங்கை அளவு துண்டொன்றை வாங்கி, ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடியும் வேகவிடுங்கள். அடுக்குகள் பிரியாமலும் ஓரம் உப்பாமலும் இருந்தால் பசை நம்பத்தக்கது. பலகையின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் பார்த்து, நடு அடுக்கில் ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். வளைக்கும்போது அது ஓட்டை உள்ள இடத்தில்தான் முறியும்.

மேல் விளிம்புச் சட்டங்களுக்குக் கணுவில்லாத, நேரான நாருள்ள மரம் வேண்டும். மொறட்டுவை மரக்கடைகளில் கிணிசப்பு கேட்டு வாங்கலாம். பாரம் குறைந்த லுணுமிதெல்ல இருக்கைக்கும் உள்வேலைகளுக்கும் ஏற்றது. வர்ணம், தூரிகை, துருப்பிடியாத உருக்குத் திருகாணி போன்றவற்றுக்குப் பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளை ஒருமுறை சுற்றி வந்தால் போதும். பித்தளைத் திருகாணி உவர்நீரில் நாளடைவில் உளுத்துப்போகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

பசை விடயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஃபைபர் படகு செய்பவர்கள் பயன்படுத்தும் பொலியெஸ்டர் பிசின் விலை குறைவு. ஆனால் மரத்தை அது இறுகப் பற்றுவதில்லை, ஓரிரு பருவங்களில் தோல் போல உரிந்து வரும். மரவள்ளத்துக்கு, பிசினையும் கடினமாக்கியையும் கலந்து பூசும் எபொக்சியே பொருத்தமானது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பொலியெஸ்டரில் கடினமாக்கியைச் சில துளி கூட்டினால் விரைவில் இறுகும். அந்தப் பழக்கத்தில் எபொக்சிக்கும் அதைச் செய்தால், மிகுந்த பகுதி வினைபுரியாமல் தங்கி, பசை என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். டப்பாவில் குறித்துள்ள விகிதத்தைத் தராசிலோ அளவுக் குவளையிலோ அளந்தே கலக்க வேண்டும். கொழும்பின் வெப்பத்தில் மெதுவாக இறுகும் கடினமாக்கியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவைக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் கலக்காமல், கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். ஆழமான குவளையில் விட்டுவைத்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகையத் தொடங்கும். மூலைகளிலும் அடியிலும் பதிக்கும் கண்ணாடி நாரிழைத் துணியையும் நெய்த துணியாகவே வாங்க வேண்டும். வெட்டிய இழைகளால் ஆன பாய், பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும் பிணைப்பைக் கொண்டது, எபொக்சியில் சரியாக நனையாது.

வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழைக்காலத்து ஈரக்காற்றில் எபொக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் படியும். அடுத்த பூச்சுக்கு முன் அதை நீரால் தேய்த்துக் கழுவாவிட்டால் மேற்பூச்சு ஒட்டாது.

பக்கப்பலகைகளை நீட்டுதல்

பலகை 2.44 மீற்றர்தான், நமக்கு 4.5 மீற்றர் தேவை. அடிப்பலகையை நேருக்கு நேர் வைத்து, உட்புறத்தில் 20 சென்ரிமீற்றர் அகலமான துண்டை ஒட்டி இணைக்கலாம். பக்கப்பலகைக்கு அந்த முறை அழகாக அமையாது; இரட்டைத் தடிப்புள்ள இடம் வளைய மறுப்பதால் வள்ளத்தின் இடுப்பில் ஒரு தட்டை விழும். ஆகவே பக்கங்களைச் சரிவுவெட்டால் இணைக்க வேண்டும்.

சரிவின் நீளம் தடிப்பைப் போல எட்டு மடங்கு, அதாவது 48 மில்லிமீற்றர். நான்கு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் கீழுள்ளதிலிருந்து 48 மில்லிமீற்றர் பின்தள்ளி, படிக்கட்டுப் போல மேசை விளிம்பில் அடுக்கி இறுக்குங்கள். கூரான சீவுளியால் படிகளைச் சீவிக்கொண்டே போனால் நான்கும் சேர்ந்து ஒரே சரிவாக மாறும். சரிவு சரியா என்பதை அளவுகோல் இல்லாமலே அறியலாம்: ஒட்டுப்பலகையின் அடுக்குகள் வெளிறியும் கருத்தும் கோடுகளாகத் தெரியும், அந்தக் கோடுகள் ஓரத்துக்கு ஓரம் நேராகவும் இணையாகவும் இருந்தால் சரிவு ஒழுங்கானது. கோடு எங்கே வளைகிறதோ அங்கே ஒரு மேடோ பள்ளமோ உண்டு. இந்த ஒரு வேலைக்கு மட்டும் பொறுமையாக ஒரு முழு மாலையை ஒதுக்கலாம்.

இரு சரிவுகளிலும் முதலில் எபொக்சியை மட்டும் தடவி மரம் உறிஞ்ச விட வேண்டும். பிறகு மெல்லிய மரத்தூள் கலந்து தடிப்பாக்கிய எபொக்சியைப் பூசி, மேலும் கீழும் பொலித்தீன் தாள் வைத்து, பாரமேற்றி ஒரு நாள் விட வேண்டும். இடப்பக்கத்தின் நீண்ட துண்டு அணியத்தை, அதாவது முன்முனையை, நோக்கியும், வலப்பக்கத்தின் நீண்ட துண்டு பின்முனையை நோக்கியும் அமைந்தால் இரு இணைப்புகளும் ஒரே இடத்தில் எதிரெதிராக வராது.

இணைத்த பலகையின் மேல் விளிம்பு 4.5 மீற்றரும் கீழ் விளிம்பு 4.2 மீற்றரும் வருமாறு, இரு முனைகளையும் 15 சென்ரிமீற்றர் சரிவாக வெட்டுங்கள். கீழ் விளிம்பை வளைவாக வெட்டத் தேவையில்லை. நேர் விளிம்புள்ள பலகையைச் சாய்வாக வைத்து வளைத்தால் அதன் இரு முனைகளும் தாமாகவே மேலெழும். நம் அளவுக்கு நடுவைவிட முனைகள் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். வள்ளம் எளிதாகத் திரும்புவதற்கு இந்த வளைவே காரணம்.

தைத்தலும் ஒட்டுதலும்

நடுவில் குறுக்குச் சட்டமாக நிற்கும் வங்கைத்தான் முதலில் செய்ய வேண்டும். கீழே 76, மேலே 91.5, உயரம் 29 சென்ரிமீற்றர். இந்த மூன்று அளவுகளில் ஒரு சட்டம். பக்கப்பலகைகளின் முனைகளிலும் கீழ் ஓரங்களிலும், விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே, 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 2 மில்லிமீற்றர் துளையிடுங்கள். வீட்டு வயரிங் கம்பியின் உறையை உரித்து எடுத்த செப்புக்கம்பித் துண்டுகளால் அணியத்தில் இரு பலகைகளையும் சேர்த்து முறுக்கி, நடு வங்கை உள்ளே நிறுத்தி, பின்முனைகளைக் கயிற்றால் சுற்றி, கயிற்றுக்குள் ஒரு தடியைச் செருகித் திருகித் திருகி நெருக்கினால் வள்ளத்தின் வடிவம் கண்முன் எழும். இந்த வேலைக்கு இரண்டு பேர் தேவை.

வடிவம் வந்தவுடன் ஒட்ட அவசரப்படக் கூடாது. அணியத்திலிருந்து பின்முனைக்கு நூல் ஒன்றை இழுத்துக் கட்டி, அது வங்கின் சரிநடுவைக் கடக்கிறதா என்று பாருங்கள். அணிய முனையிலிருந்து வங்கின் இரு மேல்மூலைகளுக்குமுள்ள தூரம் சமமா என்று அளவுநாடாவால் அளந்து பாருங்கள். பிறகு ஒரே நேரான இரு சட்டங்களை முன்னும் பின்னுமாகக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி ஒன்றுக்கு மேல் மற்றதைப் பார்த்தால் முறுக்கம் இருப்பது தெரியும். இந்த நிலையில் ஒரு கம்பியைத் தளர்த்தினால் தீரும் கோணல், பசை இறுகியபின் வள்ளம் உள்ளவரை தீராது. எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

பிறகு கவிழ்த்துப் போட்டு, மேலே அடிப்பலகையை வைத்து, பக்கங்களின் ஓரத்தைப் பென்சிலால் குறித்து, கோட்டுக்கு 5 மில்லிமீற்றர் வெளியே அறுத்து, அதையும் கம்பியால் தைத்துவிடுங்கள். தனியாக வரைபடம் வரையத் தேவையில்லாத இந்த முறைதான் பழைய வள்ளக்காரர்களும் கையாண்டது. நம் ஊரில் குடைந்த மரத்தின் மேல் பக்கப்பலகைகளைக் கயிற்றால் தைப்பவர்களுக்கு இதில் புதுமை ஏதும் தெரியாது.

நிமிர்த்தி வைத்து, உள் மூலைகளில் மரத்தூள் கலந்த எபொக்சியை நிரப்ப வேண்டும். கலவை உளுந்து வடை மாவின் பதத்தில், கரண்டியைக் கவிழ்த்தாலும் வழியாமல் நிற்க வேண்டும். கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பில் இழுத்தால் ஒழுங்கான குழிவளைவு கிடைக்கும். அது முற்றாக இறுகுமுன், 75 மில்லிமீற்றர் அகலமான நாரிழை நாடாவை இரண்டு படையாக அதன்மேல் பதித்து நனைத்துவிடுங்கள். மறுநாள் கம்பிகளை வெளிப்புறத்தில் மட்டமாக வெட்டி, வெளி மூலைகளைச் சிறிது உருட்டித் தேய்த்து, மூலைகளுக்கு நாடாவும் அடி முழுவதற்கும் சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ள நாரிழைத் துணியும் பதிக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இன்றி இந்த வேலையில் இறங்கக் கூடாது. எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் விலகாது.

முனைகளிலிருந்து 70 சென்ரிமீற்றர் உள்ளே ஒவ்வொரு தடுப்பை நிறுத்தி, மேலே பலகையால் மூடிக் காற்றறைகளாக்குங்கள். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 50 லீற்றர் கொள்ளும். வள்ளம் நீரால் நிறைந்தாலும் மூழ்காமல் இருப்பது இந்த அறைகளால்தான். சிறு திருகுமூடி ஒன்றை வைத்தால் உள்ளே வியர்க்கும் ஈரத்தை அவ்வப்போது உலர்த்தலாம்.

மேல் விளிம்பின் வெளிப்புறத்தில் 20க்கு 30 மில்லிமீற்றர் கிணிசப்புச் சட்டத்தை ஒட்டித் திருகுங்கள். இது இல்லாமல் வள்ளம் காகிதப் பெட்டிபோலவே நெளியும். அடியின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் மூன்று சட்டங்களை ஒட்டினால் கரையில் இழுக்கும்போது தேய்மானம் அவற்றோடு நிற்கும். மெல்லிய அடிப்பலகையும் விறைப்பாகும். நடுச்சட்டத்தின் பின்முனையில் ஒரு சாண் உயரத்துக்கு வாற்பலகை வைத்தால் வள்ளம் நேராக ஓடும். ஆனால் ஆகாயத்தாமரை அடர்ந்த கால்வாய்களில் அதிலேயே செடி சிக்கும். எங்கே மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அறுத்த ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று பூச்சு எபொக்சி. அதன்மேல் வர்ணம் கட்டாயம். வெயில் பட்ட எபொக்சி சுண்ணாம்பு போல வெளுத்து உதிரும். உட்புறத்துக்கு வெளிறிய நிறமே தகும், இல்லாவிட்டால் நண்பகலில் கால் வைக்க முடியாது.

நீரில் சோதித்தல்

இடுப்பளவு நீரில், காற்றில்லாத காலையில், கரையில் ஒருவர் நிற்க, உயிர்காப்பு அங்கி அணிந்து ஏற வேண்டும். 20 லீற்றர் தண்ணீர்க் கான்கள் அளந்த பாரமாகப் பயன்படும். ஒன்றை நடுவில் வைத்து அமர்ந்து பாருங்கள். பிறகு அதை ஒரு பக்க ஓரத்துக்கு நகர்த்தி, விளிம்பு நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வேண்டுமென்றே வள்ளத்தை நீரால் நிரப்புங்கள். இரு முனைகளும் சமமாக மிதந்தால் காற்றறைகள் சரி; ஒரு முனை தாழ்ந்தால் அந்த அறையில் கசிவு உண்டு. தரை முழுவதும் 3 சென்ரிமீற்றர் நீர் நின்றாலே 50 லீற்றருக்கு மேல். வள்ளம் சாயும் பக்கத்துக்கே அது ஓடிச் சாய்வைக் கூட்டும். எனவே நீர் இறைக்கும் குவளையைக் கயிற்றால் கட்டி வைப்பது துடுப்பைப் போலவே முக்கியம்.

எழுந்து நின்று வீச விரும்புகிறவர்களுக்கு இந்த வள்ளம் தனியாகப் போதாது. அவர்கள் மிதவைக் கட்டையின் வழியைப் பின்பற்றலாம்: இரு முனைகளும் அடைத்த 160 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோ பாரத்தைத் தாங்கும். 1.5 மீற்றர் குழாயை இரு பக்கமும், வள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டால், சாயும்போது மட்டும் அது நீரைத் தொட்டுத் தாங்கும். தாங்கும் பாரம் சிறிதானாலும் நடுக்கோட்டிலிருந்து தூரம் கூடுதலாதலால் பயன் பெரிது. கடல் வள்ளத்தின் மிதவைக் கட்டையிலும் இதே கணக்குத்தான் செயற்படுகிறது.

பொல்கொடவிலும் முத்துராஜவெலவிலும் முதலைகள் உண்டு. அங்கே காலையோ கையையோ நீரில் தொங்கவிட்டுக் கொண்டிருப்பது ஆகாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை திடீரென்று இறங்கும் என்பதால் நண்பகலுக்குள் கரை சேர்வது நல்லது. மலைநாட்டில் மழை பெய்த பின் களனி கங்கையில் இறங்கவே வேண்டாம். பெல்லன்வில – அத்திடிய சதுப்பு நிலமும் முத்துராஜவெலவின் ஒரு பகுதியும் சரணாலயங்கள். அங்கே மீன்பிடி வனசீவராசிகள் சட்டத்துக்கு உட்பட்டது. மீன் பிடிக்கும் கலங்களை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். வள்ளத்தை நீரில் இறக்குமுன் மாளிகாவத்தையிலுள்ள கடற்றொழில் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிச் செல்ல ஒரு சிறு பட்டா லொறி போதும்; பின்னால் நீண்டு நிற்கும் முனையில் சிவப்புத் துணி கட்ட மறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, காற்றறைகளின் மூடிகளைத் திறந்து, இரு முக்காலிகளின் மேல் கவிழ்த்து, நிழலில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அடியில் கீறல்களைத் தேடிப் பார்த்து, மரம் தெரியும் இடங்களை நன்றாகக் காயவிட்ட பிறகு எபொக்சி தடவுங்கள். ஈரத்தின் மேல் தடவினால் உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றிப் பலகையை உள்ளிருந்தே அழுகச் செய்யும்.